1,470 மீட்டர் இறக்கம்

கார் வாங்கப் போகிற வீட்டில் முதலில் வருவது விலைப் பேச்சு, அடுத்தது மைலேஜ். நீலகிரியின் கீழ் கோத்தகிரியில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழ வேண்டும். மலை இறங்கும்போது இந்த வண்டி தன் ஆற்றலை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? ஷோரூமில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மலையில் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரிவதோ இந்தக் கேள்வியில்தான்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். சோலூர்மட்டம் பக்கம் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம். கணவன், மனைவி, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அன்றாடப் போக்குவரத்து கோத்தகிரி வரை. அவ்வப்போது குன்னூர், ஊட்டி. ஆஸ்பத்திரி, கல்யாணம், துணிமணி என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை. அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் இரண்டு பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ஹூண்டாய் கிரெட்டா, டீசல். மற்றது மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட். முன்னது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. 2015ல் அறிமுகமாகி, 2020ல் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் முகம் மாறியது. பின்னது 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் தயாராகிறது. டொயோட்டா ஹைரைடர் இதன் இரட்டைப் பிறவி.

அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிரெட்டாவின் நீளம் 4,330 மில்லிமீட்டர், விட்டாரா 4,345. அகலத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் 10 மில்லிமீட்டர். கொண்டை ஊசி வளைவில் இந்த வித்தியாசத்தை எந்த ஓட்டுநராலும் உணர முடியாது. பின்சீட்டில் பாட்டிக்கு ஏறி இறங்க எது சுலபம் என்பதைப் பாட்டியே உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். ஹைப்ரிட்டில் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருப்பதால் சாமான் வைக்கும் இடம் குறைகிறது. ஐந்து பேர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் அது தெரியும். வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான். மீதி எல்லாம் பானெட்டுக்குக் கீழே.

இனி மலையைக் கணக்குப் போடுவோம். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். இரண்டுக்கும் இடையே 1,470 மீட்டர் உயரம், 33 கிலோமீட்டர் சாலை. வண்டி, ஐந்து பேர், பைகள் எல்லாம் சேர்த்து எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை இவ்வளவு உயரம் தூக்கச் சுமார் 23 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். எடையை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் வருகிற எண் இது. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதிலும் காற்றைக் கிழித்துப் போவதிலும் இன்னும் 8 மெகாஜூல் போகும். ஆக 31 மெகாஜூல் சக்கரத்துக்கு வந்து சேர வேண்டும்.

எரிபொருளில் உள்ள ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்கு வராது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். நல்ல எஞ்சின் 35 சதவீதத்தைச் சக்கரத்துக்கு அனுப்பினால் சந்தோஷப்படலாம். அப்படியானால் ஏறி முடிக்க 88 மெகாஜூல் எரிக்க வேண்டும். டீசலில் லிட்டருக்கு 36 மெகாஜூல் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் சுமார் 30. டீசல் வண்டிக்கு இரண்டரை லிட்டர், ஹைப்ரிட்டுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். ஏற்றத்தில் மட்டும் மைலேஜ் பார்த்தால் டீசலுக்கு 13 சொச்சம், ஹைப்ரிட்டுக்கு 11 சொச்சம்.

விளம்பரத்தில் ஹைப்ரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது பொய்யில்லை. அந்த எண் பிறந்தது உருளைகளின் மேல் சக்கரம் சுற்றும் சோதனைக்கூடத்தில். சுமார் இருபது நிமிடச் சோதனை. நின்று, கிளம்பி, அதிகபட்சமாக மணிக்கு 90 கிலோமீட்டர் வரை ஓடி, மறுபடி நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் ஒரு மீட்டர் ஏற்றம்கூடக் கிடையாது. குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டி ஏறுகிற வண்டிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் குறைவு.

ஏற இவ்வளவு எரிபொருள் போகிறதே, மலைக்கு அதிகக் குதிரைத்திறன் வேண்டும்போலிருக்கிறது என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 8 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் செங்குத்தான இடத்தில், மணிக்கு 35 கிலோமீட்டரில் நம் 1,600 கிலோ ஏற வேண்டுமென்றால் தேவை 20 குதிரைத்திறன்தான். கிரெட்டா டீசல் தருவது 116. விட்டாரா ஹைப்ரிட் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தருவதும் அதே 116. இரண்டிலும் திறன் தாராளமாக இருக்கிறது.

பிறகு ஏன் சில வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் திணறுகின்றன? வளைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கிறது என்பதுதான் இழுவை. கிரெட்டாவின் டீசல் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அதே கிரெட்டாவின் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 144 கொடுக்கிறது, அதுவும் 4,500 சுற்றுக்கு ஏற்றிய பிறகு. சாதாரணப் பெட்ரோல் காரில் மலையேறுகிறவர்கள் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே மாறிமாறி அல்லாடுவதன் காரணம் இதுதான். ஹைப்ரிட்டில் மின்மோட்டார் 141 நியூட்டன் மீட்டரை நின்ற நிலையிலிருந்தே தருகிறது. வளைவில் அது டீசலுக்கு இணையாக, சில சமயம் அதைவிட மென்மையாகவே எடுக்கும். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறவரை.

மலையின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வருவதற்குள் பலூன்போல உப்பியிருப்பதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 1,800 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைவான ஆக்சிஜனை இழுக்கிறது. திறனும் ஏறக்குறைய அதே விகிதத்தில் விழுகிறது. விட்டாரா ஹைப்ரிட்டின் எஞ்சின் மட்டும் தரும் 92 குதிரைத்திறன், கோத்தகிரியில் 77 பக்கம் வந்துவிடும். கிரெட்டா டீசலின் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று மெல்லிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளிவிடும், இழப்பு மிகக் குறைவு. 20 குதிரைத்திறன் போதும் என்கிற இடத்தில் 77 நிறையத்தான். ஆனால் நீண்ட ஏற்றத்தில் பேட்டரி காலியான பின், முன்னால் போகும் தேயிலை லாரியைத் தாண்ட அவசரப்பட்டால், எஞ்சின் சத்தம் எழும்பி வேகம் மெல்லத்தான் ஏறும். டீசல்காரர் அந்த இடத்தில் யோசிக்கவே மாட்டார்.

இனி இறக்கம்.

மேலே தூக்கிய 23 மெகாஜூலும் இறங்கும்போது திரும்பி வருகிறது. டயரும் காற்றும் 8ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 15 மெகாஜூல். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் சராசரியாக 4 கிலோவாட்டுக்கு மேல், செங்குத்தான இடங்களில் அதற்கு இருமடங்கு. குளியலறையின் 2 கிலோவாட் கீசர் நான்கை ஒரே நேரத்தில் போட்டதுபோன்ற வெப்பம், கையகலப் பிரேக் டிஸ்க்குகளில் இறங்குகிறது. நாலு டிஸ்க்கும் சேர்ந்து 25 கிலோ இரும்பு என்று வைத்து, வெப்பம் கொஞ்சமும் வெளியேறவில்லை என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால், அந்த 15 மெகாஜூல் வார்ப்பிரும்பைச் செக்கச்செவேலெனச் சிவக்கவைத்துவிடும். நிஜத்தில் காற்று குளிர்விக்கிறது. ஆனால் மணிக்கு 25, 30ல் போகும் வண்டியின் சக்கரத்துக்குள் புகும் காற்று கொஞ்சம்தான்.

மலை அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தப்பட்ட வெளியூர் வண்டிகளின் அருகே நடந்து பார்த்தால் இது புரியும். எரிந்த ரப்பரும் பழைய பாலிஷும் கலந்ததுபோல ஒரு காட்டமான நெடி. முன்சக்கர அலாயில் சாம்பலும் செம்பழுப்புமாகத் தூள் படிந்திருக்கும். டிஸ்க்கின் பளபளப்பில் நீலம் பாய்ந்திருக்கும். சிலர் பதறிப்போய்ப் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசல் விடும். நிழலில் நிறுத்தி அரைமணி நேரம் காத்திருப்பதுதான் வழி.

பிரேக் ஆயிலின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ரகத்துக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155க்கு இறங்கிவிடும். மேகம் தோட்டத்துக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் கீழ் கோத்தகிரி. டிஸ்க்கின் வெப்பம் காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போய் ஒரு குமிழி ஆவி கிளம்பினாலும், ஆவி அமுங்கும், மிதி தரை வரை போகும், சக்கரம் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலைச்சாலைப் பலகைகள் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கின்றன. எஞ்சினே பிரேக்காக வேலை செய்தால் அந்த 15 மெகாஜூலில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபடுகிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி தடைபடும். டீசலில் அப்படிக் காற்றை மறிக்கும் அவசியம் இல்லை. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் அமுக்குகிறது, அமுங்கிய காற்று அடுத்த கணமே பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. அமுக்கச் செலவிட்டதில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. டீசலில் அமுக்கவிகிதம் அதிகம், அதனால் எஞ்சின் பிரேக்கும் அதிகம் என்று பலர் சொல்வது சரியில்லை. உராய்வும் பம்புகளும் சேர்ந்துதான் வண்டியின் வேகத்தைக் குறைக்கின்றன. எனவே டீசலில் தாழ்ந்த கியர் கட்டாயம். கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் வாங்கினால், இறக்கத்தில் லீவரை டி-யில் விட்டுவிடாமல் கையால் கியரை இரண்டில் பிடித்து வைக்கப் பழக வேண்டும்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இன்றைய எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக எரிக்கும். உயிரையும் பணயம் வைத்து, எண்ணெயையும் கூடுதலாகச் செலவழிக்கும் பழக்கம் அது.

ஹைப்ரிட் இறக்கத்தில் செய்வது அழகான வேலை. மின்மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியின் ஆற்றலைப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்தப் பேட்டரி எவ்வளவு பெரியது? 0.76 கிலோவாட் மணி. மெகாஜூலில் சொன்னால் 2.7. பேட்டரியின் ஆயுளைக் காக்க, கம்ப்யூட்டர் அதில் பாதி அளவைத்தான் புழங்கவிடும் என்று வைத்துக்கொண்டால், 15 மெகாஜூலில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகும். கோத்தகிரியை விட்டு இறக்கம் தொடங்கி நாலைந்து கிலோமீட்டரிலேயே அது நிரம்பிவிடும். அதன்பின் மிச்சம் இருக்கும் முழு மலைக்கும் ஹைப்ரிட் என்ற பெயரால் பயனில்லை.

அதற்காகத்தான் கியர் லீவரில் டி-க்குக் கீழே பி என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதைப் போட்டால், பேட்டரிக்குப் போக இடமில்லாத மின்சாரத்தை எடுத்து எஞ்சினையே சும்மா சுற்றவைக்கும். ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல், மின்சாரத்தைக் கொண்டு பிஸ்டன்களை ஆட்டி ஆற்றலைக் கரைக்கும். எஞ்சின் திடீரென்று சத்தமிடுவதைக் கேட்டுப் பயந்து மறுபடி டி-க்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அந்தச் சத்தம்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிறது.

குன்னூர் ரயில் பாதையைக் கட்டியவர்களுக்கும் இதே கவலை இருந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12க்கு 1 என்ற சரிவு. ஏற்றுவதைவிட, இறங்கும் ரயில் கைமீறாமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய பாடு. நடுவே பல் தண்டவாளம் போட்டு, பல் சக்கரத்தில் பிரேக் பிடித்து, 1899ல் குன்னூர் வரை கொண்டுவந்தார்கள். 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் காலத்தில் மலைக்குப் போட்ட பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம்தான் ஏறியது. ஆனால் ரயில் இந்தப் பக்கம் வரவே இல்லை. நமக்கு வாய்த்தது தார்ச்சாலையும் நாலு டயரும்.

பெரிய பேட்டரி இருந்தால் கதையே வேறு. 2025 ஜனவரியில் வந்த மின்சாரக் கிரெட்டாவின் பெரிய பேட்டரி 51.4 கிலோவாட் மணி. முழு மலை இறக்கமும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, அப்படியே விழுங்கிவிடும். ஆனால் இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்துடன் காலையில் இறங்கினால், நிரம்பிய பேட்டரிக்குள் எதுவும் போகாது. மலை உச்சியில் இருக்கிறவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹைப்ரிட்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி மேடு. நூறு மீட்டர் சொச்சம் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல், அந்தச் சின்னப் பேட்டரியின் கொள்ளளவுக்குக் கச்சிதம். ஒவ்வொரு பள்ளத்திலும் நிரப்பி, ஒவ்வொரு மேட்டிலும் செலவழிக்கும். பள்ளி வாசலிலும் மார்க்கெட்டிலும் நின்று நின்று நகரும்போது எஞ்சின் அணைந்திருக்கும்.

இதே சாலையில் டீசலுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் புகை 600 டிகிரி பக்கம் சூடாக வேண்டும், வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடவும் வேண்டும். குளிர்ந்த காலையில் கிளப்பி, மெல்ல உருட்டி, பள்ளியில் விட்டு, திரும்பி நிறுத்துகிற வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. கரி சேர்ந்து, விளக்கு எரிந்து, கடைசியில் ஒர்க் ஷாப். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறினால், அல்லது கோவை நெடுஞ்சாலையில் ஓடினால், வடிகட்டி தானே சுத்தமாகிவிடும்.

குடும்பத்துக்கான காரில் வாந்தியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உடல் மெதுவாக ஆடும்போதுதான் குமட்டல் வருகிறது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற வேகத்தில் ஆடுவது மிக மோசம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலைச்சாலையின் இடவல வளைவுகள் பெரும்பாலும் அந்தத் தாளத்தில்தான் வரும். 12 மீட்டர் ஆர வளைவை மணிக்கு 20ல் எடுக்காமல் 25ல் எடுத்தால், பக்கவாட்டில் தள்ளும் விசை 56 சதவீதம் கூடுகிறது. பின்சீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு என்று முன்சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஜன்னலின் அடிவிளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். தூரத்து மலைவிளிம்பு தெரிந்தால் குமட்டல் குறையும். கதவின் தகரம் மட்டும் தெரிந்தால் கூடும்.

விட்டாராவில் நாலு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு, ஆனால் அது ஸ்ட்ராங் ஹைப்ரிட்டோடு சேர்ந்து வராது. கிரெட்டாவில் அந்த வசதியே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்து மண்சாலையில் போக வேண்டியவர்களுக்கு அதுவும் ஒரு வழி. தார்ச்சாலையோடு நிற்பவர்களுக்கு நல்ல டயர் போதும்.

கோவையின் அவினாசி சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வருவது இந்தக் குடும்பத்துக்கு டெஸ்ட் டிரைவ் ஆகாது. வண்டியை மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஐந்து பேரும் உட்காருங்கள், ஏசி போடுங்கள். இறங்கும்போது ஹைப்ரிட்டில் பேட்டரிப் படத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த வளைவில் அது நிரம்புகிறது, அதன்பின் பி போட்டால் கால் எத்தனை முறை பிரேக்குக்குப் போகிறது என்று கவனியுங்கள். டீசலில் இரண்டாவது கியரில் கால் வைக்காமல் வேகம் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள்.

நம் சோலூர்மட்டக் குடும்பத்துக்கு நான் சொல்வது ஹைப்ரிட்டைத்தான். அவர்களின் நாள்கள் பெரும்பாலும் கோத்தகிரி மேட்டிலேயே கழிகின்றன. அந்த மேடு பள்ளத்துக்கு அந்தப் பேட்டரி அளவெடுத்ததுபோல் இருக்கிறது. டீசலின் வடிகட்டிக்கோ அந்த ஓட்டம் ஒத்துவராது. மூத்த பிள்ளை கோவையில் கல்லூரி சேர்ந்து, வாரம் தவறாமல் முழுச் சுமையோடு மலை இறங்கி ஏறும் நிலை வந்தால் என் பதில் மாறும். அப்போது டீசல், அதுவும் முடிந்தால் கையால் கியர் போடும் வண்டி.